பின்பாதைக்கு உயர்த்திய வண்டி

பிக்கப் வண்டி ஒன்றை இரண்டு அங்குலம் உயர்த்த எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அந்த ஒன்பது மாதத்தில் ஏதாவது ஒரு வேலை நாளில், காலை பத்து மணிவாக்கில், ஒரு தோட்டத்து ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் வண்டியைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடிவைத்துத் திறந்து காட்ட இது ஒன்றும் வித்தை இல்லை. என் முட்டாள்தனம், அவ்வளவுதான்.

வண்டி பழையது. மலைப்பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடமிருந்து வாங்கியது. வாங்கி ஆறு மாதம் ஆகியும் பின்தட்டில் முட்டைக்கோஸ் வாடை போகவில்லை. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் நான். இயந்திரம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. மனிதர்களோடுதான் கொஞ்சம் தகராறு. நான் குடியிருக்கும் சிலிபினில், எங்கள் வீட்டு வரிசையில் என்னோடு வாய்ச்சண்டை போடாத வீடு ஒன்றிரண்டுதான் பாக்கி.

வண்டியை உயர்த்தச் சொன்னது யாரும் இல்லை. அக்கா கேட்டது வேறு.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்திலேயே அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பிள்ளை பெண். நாலு வயதில் காய்ச்சல் வந்தது. தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. நான் அப்போது ஈப்போவில் உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். தகவல் கிடைத்து, பஸ் பிடித்து, நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையைத் தோட்டத்து இடுகாட்டில் புதைத்திருந்தார்கள். கல் வைக்கவில்லை, பெயர் எழுதவில்லை. எந்த இடம் என்பது அப்பாவுக்கும் மாமாவுக்கும் அக்காவுக்கும்தான் தெரியும். அப்பா போய் வெகு காலமாகிறது. அக்காவின் வீட்டுக்காரரான மாமாவும் இரண்டு வருடம் முன்னால் போய்விட்டார். ஆக, அந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டக்கூடிய ஒரே ஆள் அக்கா.

மாமா உயிரோடு இருந்தவரை வருடத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போவார். பிறகு அக்காவுக்கு வாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கை தேறிவிட்டது. கால் தேறவில்லை. ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடப்பாள், வாசல் வரை வருவாள். மகன் ஜொகூருக்கு லோரி ஓட்டுகிறான். வீட்டில் இருக்கும் நாளில் தூங்குவான்.

ஒரு கல்யாண வீட்டில் பழைய தோட்டத்து ஆள் ஒருவர் சொன்ன சேதிதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ரப்பரை அழித்து எண்ணெய்க்காக நட்ட செம்பனைக்கும் இப்போது வயதாகிவிட்டதாம். இந்த வருடக் கடைசிக்குள் மலையோரத்து மரங்களைச் சாய்த்து, மண்ணைப் புரட்டி, புதுக் கன்று வைக்கப் போகிறார்களாம். இடுகாடு மலையோரத்தில்தான் இருக்கிறது.

மறுநாள் நான் ஈப்போ புந்தோங்கில் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"தம்பி, ஒரு தடவ என்னைக் கூட்டிட்டுப் போயிரு. அவ மேல கெடக்குற மண்ணுல ஒரு பிடி எடுத்துக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

"மண்ணை வச்சி என்னாக்கா செய்யப் போற?"

"வச்சிருப்பேன். நான் செத்தா என்னை எரிக்காதீங்க, பொதைங்க. அந்த மண்ண என்னோட சேத்துப் போட்டுருங்க. நாலு வயசுப் புள்ளய அங்க தனியா விட்டுட்டு வந்துட்டேன். அதான்."

அவள் அழவில்லை. கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். நான்தான் எழுந்து வெளியே போய் நின்றேன். அடுத்த வாரமே கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டம் விற்கப்பட்டு ஜனங்கள் வெளியேறிய பிறகு முன்வாசலில் ஒரு தடுப்புக் கம்பமும் ஜாகாவும் வந்தன. ஜாகா என்றால் காவல்காரர்தான், ஒரு நாற்காலியும் குடையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றிலிருந்து இடுகாட்டில் சொந்தக்காரரைப் புதைத்திருந்த நாங்கள் எல்லோரும் பின்பக்கமாகப் போக ஆரம்பித்தோம். மலாய்க்காரர்களின் கிராமத்தைத் தாண்டி, ஒரு பழத் தோட்டத்தின் ஓரமாக, ஓடையில் இறங்கி ஏறும் பாதை. முன்வாசலில் விடமாட்டார்கள் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. விடுவீர்களா என்று யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. பெற்ற பிள்ளைக்கும் கட்டின புருஷனுக்கும் விளக்கேற்ற, தேங்காய் திருடப் போகிறவர்கள் மாதிரி குனிந்து குனிந்து போய்வந்தோம். அதில் எங்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை, பழகிவிட்டது.

அக்காவைக் கூட்டிப் போவதற்கு முன் பாதையைப் பார்த்து வர மச்சானோடு போனேன். மச்சான் என்றால் உறவு இல்லை, என்னோடு தொழிற்சாலையில் சேர்ந்த நாள் முதல் கூட்டாளி. வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். சனி ஞாயிறுகளில் காட்டுப் பாதைகளில் வண்டி ஓட்டிப் போய் சேற்றில் மாட்டிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பி வருகிற கூட்டத்தில் ஒருவன்.

பின்பாதை பாதையாகவே இல்லை. பழம் ஏற்றும் லோரிகள் உழுது போட்டிருந்தன. சக்கரத் தடம் இரண்டும் பள்ளமாக இறங்கி, நடுவில் மண் மேடு நின்றது. டேப்பை எடுத்து அளந்தேன். ஆழமான இடத்தில் பதினோரு அங்குலம். என் வண்டியின் பின் ஆக்சிலுக்கும் தரைக்கும் இடைவெளி எட்டு அங்குலம். நாற்பது அடி உள்ளே போவதற்குள் வயிறு மண்ணில் உட்கார்ந்துவிடும். ஓடையின் அக்கரை ஏற்றம் வேறு கரைந்து செங்குத்தாக நின்றது.

மச்சான் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தான். "இது சுசா லா மச்சான், ரொம்பக் கஷ்டம். பேசாம முன்னால ஆபீஸ்ல போயி கேட்டுப் பாரேன். வயசான பொம்பளை, கால் முடியலன்னு சொல்லு. தொறந்து விட மாட்டானுங்களா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "எங்கப்பன் நாப்பது வருசம் ஒழச்ச மண்ணுல கால் வைக்க நான் எவன்கிட்டயும் போயி நிக்க மாட்டேன். புரியுதா?"

"நிக்கச் சொல்லல லா. கேக்கத்தான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஏன் இரண்டும் எனக்கு ஒன்றாகப் போனது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பதினோரு வயதில் என் படிப்பு உதவிக்காக ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வேண்டியிருந்தது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆபீஸ் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கூப்பிடுவார்கள் என்று நின்றோம். ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி ஜன்னல் வழியாக மூன்று முறை எங்களைப் பார்த்தார். மதியம் ஆனதும் நாளைக்கு வா என்றார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் கடிதம் வந்தது. அதில் அடித்திருந்த தேதி முதல் நாளுடையது. அதை அப்பாவிடம் காட்டினேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கெடச்சிருச்சில்ல, வா" என்றார்.

இனி எந்த ஆபீஸ் படியிலும் நிற்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்கு மானம் என்று பெயர் வைத்து இத்தனை வருடம் சோறு போட்டு வளர்த்தேன். என் கோபங்கள் எல்லாம் அதன் பிள்ளைகள்தான். பழைய தோட்டத்து ஆட்கள் கைப்பேசியில் வைத்திருந்த வாட்ஸ்அப் புலனக் குழுவில்கூட, கோயில் தலைவர் பதவிக்காக அடித்துக்கொண்டதைப் பொறுக்காமல் நாலு வார்த்தை திட்டிவிட்டு வெளியேறியிருந்தேன். ஆகவே அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாமல் போனது.

வண்டியை உயர்த்துகிறேன் என்று அந்த ஓடைக்கரையிலேயே மச்சானிடம் சொன்னேன். அவனுக்கு உள்ளூர ஆசைதான். அதற்கு மேல் அவன் ஆபீஸ் பேச்சை எடுக்கவில்லை.

வண்டியை உயர்த்துவது என்றால் ஜேக்கில் தூக்கி நடுவில் கட்டையைச் சொருகுவது என்று பலருக்கும் நினைப்பு. அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், பாதி பேர் தைப்பிங் போகும் சாலையில் ஒற்றைச் சக்கரத்தோடு நிற்பார்கள். ஸ்பிரிங்கை மாற்றி உடம்பை உயர்த்தினால் வண்டியின் வயிறு மேலே போகும். பின் ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய் அளவில் தொங்கும் கியர் உருண்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் வேண்டும். டயர் இரண்டு அங்குலம் பெரிதானால் உருண்டை ஒரு அங்குலம் ஏறும். பெரிய டயர் போட்டால் முழுக்கத் திருப்பும்போது மட்கார்டில் உரசும். உரசாமலிருக்க ஸ்பிரிங் உயர வேண்டும். ஸ்பிரிங் உயர்ந்தால் முன் சக்கரத்துக்குப் போகும் தண்டு சாய்ந்து நிற்கும், பிரேக் குழாய் இழுபடும், ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும். ஒன்றைத் தொட்டால் நான்கு கிளம்பும்.

எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வண்டியைப் பக்கவாட்டில் வரைந்தேன், முன்னால் இருந்து வரைந்தேன், பள்ளத்தை வரைந்து அதன் மேல் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். வேலை முடிந்து வந்ததும் மச்சான் பட்டறையில் காப்பியும் கையுமாக உட்கார்ந்து, முன்னால் காயில் ஸ்பிரிங் இரண்டு அங்குலமா, ஒன்றரையா, பின்னால் பட்டை ஸ்பிரிங்கை முழுதாக மாற்றுவதா, ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பதா என்று வாதம் செய்வோம். மெங்லெம்புவில் ஸ்பிரிங் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கேயைப் போய்ப் பார்ப்போம். அவர் ஒன்று சொல்வார், நாங்கள் ஒன்று சொல்வோம். மனைவி போன பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. எதற்காக உயர்த்துகிறோம் என்பதே சில நாள் நினைவில் இருக்காது.

அக்காவை அளக்கப் போனது மூன்றாம் மாதத்தில். வண்டி உயர்ந்தால் இருக்கையும் உயரும். அவள் ஏற வேண்டியது இடது பக்கக் கதவில். வலது காலைப் படியில் வைக்கும் நேரத்தில் உடம்பின் பாரம் முழுவதையும் சரியாக வராத அந்த இடது கால் தாங்க வேண்டும். அதனால் அவள் கால் எவ்வளவு தூரம் தூக்க வருகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. வாசலில் செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி வைக்கச் சொன்னேன். இரண்டு கல் சுலபம். மூன்று கல், கொஞ்சம் மூச்சு வாங்கியது. நான்காவதுக்குக் கால் வரவில்லை.

"ஏன்டா, என்னை மாடு மாதிரி அளக்குற?" என்று சிரித்தாள்.

"மூணு கல்லு ஒசரத்துல ஒரு படி செஞ்சி வைக்கிறேங்கா. மேல பிடிச்சிக்க ஒரு கைப்பிடி. நீ வாதம் வந்தவன்னே தெரியாது, ராணி மாதிரி ஏறலாம்."

"ராணியெல்லாம் வேணாம். எப்ப போலாம்? அத சொல்லு."

"தாய்லாந்துலேருந்து ஸ்பிரிங் வரணுங்கா. ஒரு மாசம்."

ஸ்பிரிங் இரண்டரை மாதம் கழித்து வந்தது. வந்ததைப் போட்டு ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு குழிக்கும் தலை கூரையில் இடித்தது. எந்நேரமும் பின்தட்டு நிறையப் பாரம் ஏற்றுகிற வண்டிக்கான ஸ்பிரிங்கை அனுப்பியிருந்தார்கள். அக்காவின் இடுப்பு தாங்காது என்று கழற்றித் திருப்பி அனுப்பினேன். "ஓடுதுல்ல, ஒரு நாளைக்குத்தான, போதும் லா" என்றான் மச்சான். நான் கேட்கவில்லை. அரைகுறை வேலை எனக்கு ஆகாது. அடுத்த செட் வர இன்னும் ஆறு வாரம். அப்புறம் அப்சோர்பர். அப்புறம் உயர்த்திய வண்டிக்கு அனுமதி வாங்குவதற்கான பரிசோதனை. அப்புறம் சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது. அப்புறம் மழை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலிலிருந்து வந்து அக்கா போன் செய்வாள். "வண்டி ஆச்சா தம்பி?" நான் ரப்பர் புஷ் தேய்ந்திருப்பதைப் பற்றிக் கால் மணி நேரம் விளக்குவேன். "ம்" என்பாள். ஏழாம் மாதத்திலிருந்து வண்டியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பாள். அவள் பொறுமையாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். மச்சான் பின்னிருக்கையில். அக்கா ஒரு சொம்பில் பாலும், மண் எடுக்க ஒரு மஞ்சள் துணியும் எடுத்துக்கொண்டாள். இரும்புப் படியை இறக்கிவிட்டேன். வலது காலை வைத்தாள், கைப்பிடியைப் பிடித்தாள், ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தாள். "ஙாம் லா!" என்று மச்சான் கை தட்டினான். கச்சிதமாகப் பொருந்திவிட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிற சீனச் சொல் அது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பின்பாதையில் வண்டி போன போக்கு இருக்கிறதே, அதை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். பள்ளத்தை விட்டு ஒரு சக்கரத்தை நடு மேட்டிலும் மறு சக்கரத்தைக் கரையிலும் ஏற்றிப் பிடித்தேன். வயிறு எங்கும் தட்டவில்லை. ஓடைத் தண்ணீர் டயரின் பாதிவரை வந்தது. அக்கரை ஏற்றத்தில் மூக்கு வானத்தைப் பார்க்க நின்று, ஒரு உறுமல் உறுமி, ஏறிவிட்டது. அக்கா கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, "மெதுவா, மெதுவா" என்றாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மாதக் கணக்கு எல்லாம் சரியாக வந்திருந்தது.

மேட்டில் ஏறி வளைந்ததும் வெளிச்சமாக இருந்தது. இருக்கக் கூடாது. அங்கே செம்பனை நிழல் கவிந்து பகலிலும் இருட்டாக இருக்க வேண்டும். ஒரு மரமும் இல்லை. மலையோரம் முழுவதும் செம்மண்ணைப் படிப்படியாக வெட்டி, படிக்குப் படி முழங்கால் உயரச் செம்பனைக் கன்று நட்டிருந்தார்கள். சற்று தள்ளிச் சரிவில் ஒரு சின்ன இடத்தை மட்டும் விட்டு வேலி போட்டிருந்தார்கள். உள்ளே பத்துப் பதினைந்து மண் மேடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி, குச்சியில் சிவப்பு ரிப்பன். வேலிக்கு வெளியே ஒரு கார் நின்றது. தரையோடு தரையாகக் கிடக்கும் பழைய சின்னக் கார். அதில் வந்த குடும்பம் ஒரு மேட்டுக்கு முன்னால் வாழையிலை போட்டுப் படையல் வைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் காரைத்தான் நான் முதலில் பார்த்தேன். அதன் டயரில் சேறுகூட இல்லை.

ரப்பர் பூட்ஸும் தொப்பியும் போட்ட ஒரு பெண் கையில் கோப்போடு எங்களிடம் வந்தாள். தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும். தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருப்பதாகச் சொன்னாள். எங்கள் காலத்துக் கிராணிகளைப் போல இல்லை, வணக்கம் சொன்னாள்.

"அங்கிள், நீங்க எந்தப் பக்கமா வந்தீங்க? முன் கேட்ல வந்திருக்கலாமே. ரோடு நல்லா இருக்கு."

"உடுவாங்களா?" என்றேன். என் குரல் எனக்கே அப்பாவின் குரல் மாதிரி கேட்டது.

"ஏன் உட மாட்டாங்க? ஐசி கார்டு நம்பரை எழுதிட்டு உட்டுருவாங்க. எப்பவும் அப்படித்தான் அங்கிள். சொந்தக்காரங்க குழி இருக்கறவங்க வந்து காட்டணும்னு மூணு மாசம் கேட்லயே நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். காட்டுனவங்க குழியெல்லாம் விட்டுட்டுத்தான் மண்ணைப் புரட்டுனது." அவள் கோப்பைத் திறந்தாள். "உங்க குழி யாரோடது? பேரு குடுத்திருந்தீங்களா?"

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். யாரையாவது பிடித்துக் கத்த வேண்டும் போல இருந்தது. அந்தப் பெண்ணிடம் கத்த முடியாது. தோட்டத்தைத் திட்டலாம் என்றால் அவர்கள் கேட்டில் எழுதி ஒட்டி, மூன்று மாதம் காத்திருந்திருக்கிறார்கள். வாழ்நாளில் முதன்முறையாக என் பக்கம் ஒரு நியாயமும் இல்லாமல் நின்றேன். மானம், மண்ணாங்கட்டி. எனக்கு இருந்தது பயம். அப்பா படிக்குக் கீழே நின்று பயந்தார். நான் அந்தப் படியே இல்லாத ஒரு வழியைத் தேடி, அதற்கு ஒரு வண்டியையும் கட்டி, ஒன்பது மாதம் பயந்திருக்கிறேன். கிழவி கேட்டதோ ஒரு பிடி மண்தான்.

அக்கா இறங்க வேண்டும் என்றாள். படியை இறக்கி, கையைப் பிடித்து இறக்கினேன். ஊன்றுகோலைச் செம்மண்ணில் ஊன்றி மெல்ல நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். சரிவின் நடுவில் நின்று மலையைப் பார்த்தாள், ஓடை இருந்த திசையைப் பார்த்தாள், திரும்பி வேலியைப் பார்த்தாள்.

"இங்க ஒரு பெரிய கல்லு இருக்கும்" என்றாள்.

கல் இல்லை.

"கல்லுலேருந்து ஏழெட்டு எட்டு வச்சா வந்துரும். பக்கத்துல ஒரு மரம். உங்க மாமா கத்தியால ஒரு வெட்டு வெட்டி வச்சிருந்தாரு." இன்னும் சிறிது தூரம் நடந்தாள். திரும்பி வந்தாள். ஒரு கன்றுக்குப் பக்கத்தில் நின்றாள், தலையை ஆட்டிவிட்டு அடுத்த படிக்குப் போகப் பார்த்தாள், கால் வரவில்லை. "தம்பி, எல்லாம் ஒரே மாதிரி இருக்கேடா" என்றாள்.

அந்தக் கிராணிப் பெண் ஓடிப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டு வந்து போட்டாள். அக்கா உட்கார்ந்தாள். சொம்பு அவள் மடியில் இருந்தது. பாலை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் வைத்திருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கையிலிருந்த மஞ்சள் துணியை வாங்கினேன். சரிவில் நாலு எட்டு வைத்து, குனிந்து, கைநிறைய மண்ணை அள்ளித் துணியில் போட்டு மடித்துக் கொண்டு வந்து அவளிடம் நீட்டினேன். "அக்கா, இங்கதான் எங்கயாவது இருந்திருக்கும். எல்லாம் ஒரே மண்ணுதான். வச்சிக்கக்கா."

அவள் துணியைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு விரலால் மண்ணைக் கிளறினாள். ஒரு வேர்த் துண்டும் வெள்ளை உர மணிகள் இரண்டும் இருந்தன.

"இது வெறும் மண்ணு தம்பி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. துணியை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பாலைக் கிராணிப் பெண்ணிடம் கொடுத்து, வேலிக்குள் பிள்ளைக் குழி ஏதாவது இருந்தால் அதற்கு ஊற்றிவிடச் சொன்னாள். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது முன்வாசல் வழியாக வந்தோம். சமமான செம்மண் சாலை, குண்டு குழி இல்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜாகா கம்பத்தைத் தூக்கிவிட்டு அக்காவைப் பார்த்துக் கை அசைத்தார்.

வண்டி இப்போதும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. இறக்கிவிடலாம் என்று மச்சான் இரண்டு தரம் சொல்லிவிட்டான். பழைய ஸ்பிரிங் அவனிடமே இருக்கிறதாம். செய்யலாம் என்கிறேன், செய்யவில்லை.

அக்கா வெள்ளிக்கிழமைகளில் போன் செய்கிறாள். போன வாரம் நேரில் போயிருந்தேன். சோறு போட்டாள், மீன் குழம்பு. எனக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றும்போது, ஏதோ கடையில் வாங்க மறந்த சாமானைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

"எம்பையன்கிட்ட நீயே சொல்லிரு தம்பி. நான் செத்தா பொதைக்க வேணாம், எரிச்சிருங்க."

சரி அக்கா என்றேன்.